பணிநீக்க ஆணை கையில் வந்தால்: சென்னையில் உள்ள அரசுப் பணியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

அலுவலக உதவியாளர் வீடு தேடி வந்து உறையை நீட்டும்போது வாங்க மறுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வாங்காவிட்டால் ஆணை செல்லாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது தவறு. கதவில் ஒட்டி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆணை சார்வு செய்யப்பட்டதாகவே, அதாவது உங்களிடம் சேர்ந்துவிட்டதாகவே கணக்கு. மேல்முறையீட்டுக்கான கெடு அன்றிலிருந்து ஓடும், உங்களிடம் மட்டும் நகல் இருக்காது.

எனவே வாங்குங்கள். "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, கையெழுத்தின் கீழ் தேதியையும் நேரத்தையும் உங்கள் கையாலேயே குறியுங்கள். பெற்றுக்கொள்வது வேறு, ஏற்றுக்கொள்வது வேறு. அஞ்சலில் வந்திருந்தால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். ஆணையில் உள்ள தேதிக்கும் அது உங்களை வந்தடைந்த தேதிக்கும் இடையில் மூன்று வாரம் போயிருந்தால், அதைக் காட்டும் ஒரே சான்று அந்த உறையின் முத்திரைதான்.

ஆணையில் பார்க்க வேண்டியவை

முதலில் தண்டனையின் பெயர். செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் "பணிநீக்கம்" என்று எழுதிவிடுகின்றன. அலுவலக மொழியில் நான்கும் வெவ்வேறு. தற்காலிகப் பணிநீக்கம் என்பது சஸ்பென்ஷன், வேலை போகவில்லை. கட்டாய ஓய்வு என்றால் வேலை போகும், ஆனால் தகுதியான பணிக்காலம் இருந்தால் ஓய்வூதியத்துக்கு வழி உண்டு. பணிநீக்கம் என்றால் முந்தைய பணிக்காலம் கணக்கில் வராது, ஆனால் பின்னாளில் வேறு அரசு வேலைக்கு விண்ணப்பிக்க அதுவே தடையாகிவிடாது. பணியறவு, அதாவது டிஸ்மிஸ், அந்தக் கதவையும் பொதுவாக மூடிவிடும். ஓய்வூதிய விதிகளின்படி, பணிநீக்கமோ பணியறவோ ஆனவருக்குத் தகுதியான சூழலில் கருணைப்படி வழங்க அரசுக்கு அதிகாரம் உண்டு. அதன் உச்சவரம்பு, கிடைத்திருக்கக்கூடிய ஓய்வூதியத்தில் மூன்றில் இரண்டு பங்கு. பலர் இதைக் கேட்பதே இல்லை.

அடுத்து, கையெழுத்திட்டவர் யார் என்று பாருங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 311(1) ஒரு நேரான விதியைச் சொல்கிறது: உங்களை நியமித்த அதிகாரிக்குக் கீழ்ப்பட்ட அதிகாரி உங்களை நீக்க முடியாது. முதல் நியமன ஆணையைத் தேடி எடுத்து, அதில் இருக்கும் பதவியையும் நீக்க ஆணையில் இருக்கும் பதவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இயக்குநர் நியமித்தவரை இணை இயக்குநர் நீக்கியிருந்தால், குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்ற கேள்விக்குப் போகும் முன்பே ஆணை விழுந்துவிடும். பதவி உயர்வு பெற்றவர்கள் இப்போதைய பதவிக்கான நியமன ஆணையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிறகு, எந்த விதியின் கீழ் ஆணை பிறந்தது, விசாரணை நடந்ததாகச் சொல்கிறதா, உங்கள் விளக்கத்துக்குப் பதில் சொல்கிறதா, மேல்முறையீடு யாரிடம் என்று குறிப்பிட்டிருக்கிறதா என்பவற்றைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். "விளக்கம் பரிசீலிக்கப்பட்டது, ஏற்கத்தக்கதாக இல்லை" என்ற ஒற்றை வரியோடு முடிந்தால் வட்டம் போடுங்கள். காரணம் சொல்லாத ஆணைக்கு அதுவே அடையாளம்.

நீங்கள் எந்த வாசலில் நிற்கிறீர்கள்

"அரசு வேலை" என்று ஊர் சொல்வதற்குள் சட்டத்தின் கண்ணில் பல வகைகள் இருக்கின்றன. வாசல் மாறிப் போய் ஓராண்டை இழந்தவர்கள் ஏராளம். வழக்கறிஞரிடம் போகும் முன்பே இதைத் தெரிந்து வைத்திருந்தால், அவர் சொல்வது சரியா என்றாவது உரசிப் பார்க்கலாம்.

எழிலகத்திலோ, தலைமைச் செயலகத்திலோ, ஆட்சியர் அலுவலகத்திலோ பணியாற்றும் மாநில அரசுப் பணியாளருக்குத் தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகள் பொருந்தும். எல்லோர் வாயிலும் புழங்கும் "17ஏ", "17பி" என்பவை அதன் பிரிவுகள். 17(ஏ) சிறு தண்டனைக்கு, 17(பி) பெருந்தண்டனைக்கு. 17(ஏ) குறிப்பாணை, அதாவது குற்றச்சாட்டு மெமோ, கொடுத்துவிட்டுப் பணியறவு செய்ய முடியாது. ஒரு காலத்தில் மாநிலத்துக்கென்று தனி நிர்வாகத் தீர்ப்பாயம் 1988 முதல் இயங்கியது. பிறகு அது கலைக்கப்பட்டது. இப்போது துறைக்குள் மேல்முறையீடு முடிந்ததும் நேராக உயர் நீதிமன்றம்தான்.

காவலர்களுக்குத் தனி விதிகள் உள்ளன. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகள், 1955. அங்கே "3பி" என்பது இங்குள்ள 17பி-க்கு நிகர்.

வருமான வரி, அஞ்சல், சுங்கம் போன்ற மத்திய அரசுத் துறையினருக்கு 1965-ஆம் ஆண்டின் மத்திய குடிமைப் பணி விதிகள், ரயில்வே பணியாளர்களுக்கு 1968-ஆம் ஆண்டின் ரயில்வே விதிகள். இரு தரப்பினருக்கும் வாசல் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. உயர் நீதிமன்றத்துக்கு நேரே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தீர்ப்பாயத்தில் தோற்றவர் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வுக்குப் போகலாம் என்பதை 1997-இல் சந்திரகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ஓட்டுநர், நடத்துநர், பொதுத்துறை நிறுவனங்களின் தொழிலாளர் ஆகியோருக்கு 311 பொருந்தாது. இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். தொழிலாளர் சட்டம் அவர்களுக்குத் தரும் பாதுகாப்பு சில இடங்களில் அதைவிட வலுவானது. அதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

தகுதிகாண் பருவத்தில் இருப்பவரை விசாரணையின்றி விடுவிக்கலாம், ஆனால் அவர்மீது களங்கம் சுமத்தாமல். "பணித்திறன் திருப்தியில்லை" என்று மட்டும் எழுதி விடுவித்தால் பொதுவாக நிற்கும். குறிப்பிட்ட ஒரு முறைகேட்டைக் காரணமாக வைத்து, அதை விசாரிக்காமல் விடுவித்தால் அது மறைமுகத் தண்டனை. ஆணையின் சொற்களைத் தாண்டி உண்மையான காரணத்தை நீதிமன்றம் தோண்டிப் பார்க்கும். ஒப்பந்த, தொகுப்பூதியப் பணியாளர்களுக்குப் பிடி குறைவு. 2006-இல் உமாதேவி வழக்குக்குப் பிறகு நிரந்தரம் கேட்பது கடினம். ஆனாலும் "திருடினார்" என்று எழுதி நீக்கினால், விளக்கம் கேட்காமல் அப்படி எழுத முடியாது.

வழக்கு உண்மையில் எங்கே நடக்கிறது

நீக்க ஆணை ஏற்கெனவே வந்துவிட்டவர்களும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். நீதிமன்றத்தில் நீங்கள் வைக்கப்போகும் ஒவ்வொரு வாதமும் இங்கிருந்துதான் எடுக்கப்படும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும், "கோர்ட்டுக்குப் போனால் உண்மை வெளிவரும்" என்று நினைக்கிறார்கள். உயர் நீதிமன்றம் நீங்கள் பணம் வாங்கினீர்களா இல்லையா என்று மறுபடி விசாரிக்காது. விசாரித்த முறை சரியா, சான்று என்று ஏதாவது இருந்ததா, தண்டனை மனசாட்சியை உலுக்கும் அளவுக்கு அதிகமா என்றுதான் பார்க்கும். துறை விசாரணைக்குச் சந்தேகத்துக்கு இடமற்ற நிரூபணம் தேவையில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும். ஆகவே விசாரணை அறையில் தாளில் ஏறாத எதுவும் பின்னால் நீதிமன்றத்தில் ஏறாது.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்ததும் பதில் தர வேண்டிய நாளை முதலில் பாருங்கள். பெரும்பாலும் பதினைந்து நாள் கொடுத்திருப்பார்கள். பதில் எழுதும் முன் ஆவணங்களைக் கேளுங்கள். கேட்கும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். "தொடர்புடைய அனைத்து ஆவணங்களும்" என்று எழுதினால் "கோரிக்கை தெளிவற்றது" என்று ஒரு வரியில் மறுத்துவிடுவார்கள், அந்த மறுப்பு நிற்கவும் செய்யும். ஒவ்வொன்றையும் பெயர், எண், தேதியோடு கேட்டு, அது எந்தக் குற்றச்சாட்டுக்கு எதிராக எப்படி உதவும் என்று ஒரு வரி சேருங்கள். "குற்றச்சாட்டு 2: அன்று நான் அலுவலகத்தில் இல்லை என்பதைக் காட்ட, அந்த மாத நடமாட்டப் பதிவேட்டின் நகல்" என்கிற மாதிரி. இப்படிக் கேட்டும் தராவிட்டால், பாதிப்பு என்ன என்பதை நீதிமன்றத்தில் விளக்குவது எளிது. நகல் தர முடியாத பெரிய பதிவேடுகளை நேரில் பார்த்துக் குறிப்பெடுக்க அனுமதி கேளுங்கள்.

இணையாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போடலாம். தமிழ்நாட்டில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். மறுத்தால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஆனால் இதை மட்டுமே நம்பி விசாரணை அலுவலரிடம் கேட்காமல் விடாதீர்கள். அவரிடம் கேட்டு அவர் மறுத்தால்தான் அது விசாரணையின் குறை.

மாநிலப் பணியாளர்கள் தவறவிடக் கூடாத ஒரு வரி இருக்கிறது. 17(பி) விதிப்படி, வாய்மொழி விசாரணை வேண்டுமா, நேரில் கேட்கப்பட வேண்டுமா என்பதை உங்கள் விளக்கத்தில் நீங்களே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எழுத்து விளக்கத்தை மட்டும் வைத்து முடிக்க அவர்களுக்கு வழி கிடைக்கும். எனவே விளக்கத்தின் கடைசியில் தனிப் பத்தியாக எழுதுங்கள்: "குற்றச்சாட்டுகள் அனைத்தையும் மறுக்கிறேன். வாய்மொழி விசாரணை நடத்தக் கோருகிறேன். நேரில் என் தரப்பைக் கூறவும் வாய்ப்பு வேண்டும்." சூடான விளக்கம் எட்டுப் பக்கம் எழுதி இந்த மூன்று வரியை விட்டவர்களின் கோப்பு பார்க்கவே வேதனையாக இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. "மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள், சென்சூரோடு முடித்துவிடலாம்" (அதாவது வெறும் கண்டனத்தோடு) என்று மேலதிகாரி சொன்னால் அன்றே எழுதாதீர்கள். அந்தத் தாள் ஒப்புதல் வாக்குமூலமாகக் கோப்பில் ஏறும். சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போனபின் வருபவருக்கு அந்தப் பேச்சு தெரியாது. தாள் மட்டும் இருக்கும்.

விசாரணை அலுவலர் குற்றச்சாட்டில் சாட்சியாக இருக்கிறார், அல்லது உங்களோடு முன்பகை உள்ளவர் என்றால் முதல் அமர்வுக்கு முன்பே ஆட்சேபம் தெரிவியுங்கள். அறிக்கை எதிராக வந்தபின் கிளப்பினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். அவர் நடுவராக இருக்க வேண்டியவர். தானே சாட்சிகளைத் துருவி, தானே வழக்கை நிரூபிக்க முயன்றால் அதை அன்றைய நடவடிக்கைக் குறிப்பிலேயே பதியச் சொல்லுங்கள்.

துணைக்கு ஒரு பணியாளரையோ ஓய்வுபெற்றவரையோ விதிகள் அனுமதிக்கும் அளவுக்கு அழைத்துச் செல்லலாம். வழக்கறிஞரைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. துறைத் தரப்பில் வழக்காடுபவர் சட்டம் பயின்றவராக இருந்தால் உங்களுக்கும் வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்க உரிமை உண்டு. 1983-இல் பம்பாய் துறைமுகப் பணியாளர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் நடவடிக்கைக் குறிப்பை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். சாட்சி "ஞாபகமில்லை" என்றதை "ஆம்" என்று பதிந்திருந்தால், திருத்திய பிறகுதான் கையெழுத்து. திருத்த மறுத்தால் கையெழுத்தின் அருகிலேயே "இந்தப் பதிலை ஏற்கவில்லை" என்று எழுதி, அன்று மாலையே ஒரு கடிதமாகத் தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். முதற்கட்ட விசாரணையில் வாக்குமூலம் கொடுத்தவர் உங்கள் குறுக்கு விசாரணைக்கு வராவிட்டால், அந்த வாக்குமூலத்தை உங்களுக்கு எதிராக எடுக்கக் கூடாது என்று எழுத்தில் ஆட்சேபியுங்கள். கோபித்துக்கொண்டு வெளிநடப்பு செய்யவே கூடாது. ஒருதலையாக விசாரித்து முடிக்க அதைவிட நல்ல காரணம் அவர்களுக்குக் கிடைக்காது. உடம்புக்கு முடியாவிட்டால் மருத்துவச் சான்றோடு, அமர்வுக்கு முன்னதாகவே தள்ளிவைக்கக் கேளுங்கள்.

தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கும்போது

பிழைப்பூதியம், அதாவது சஸ்பென்ஷன் காலத்தில் தரும் தொகை, தொடக்கத்தில் பாதிச் சம்பள விடுப்புக்கு உரிய தொகையும் அதற்கான அகவிலைப்படியும். நாள் நீண்டு, தாமதத்துக்கு நீங்கள் காரணமில்லை என்றால் முக்கால் பங்கு வரை கூட்ட விதியில் இடம் இருக்கிறது. அது தானாக வராது, மனு போட வேண்டும். வேறு எங்கும் வேலை செய்யவில்லை என்ற சான்றை மாதாமாதம் நகல் வைத்துக்கொண்டு கொடுங்கள். சான்று தரவில்லை என்று சொல்லி நிறுத்துவதுதான் வழக்கமான சாக்கு. பிழைப்பூதியம் தராமல், அதனால் ஒருவர் விசாரணைக்கு வர முடியாமல் போய், ஒருதலையாக முடித்த விசாரணைகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. எனவே நிறுத்தினால் "பயணச் செலவுக்கும் வழியில்லை, விசாரணையில் கலந்துகொள்ள இயலவில்லை" என்பதை அந்த அமர்வுக்கு முன்பே எழுத்தில் வையுங்கள்.

2015-இல் அஜய்குமார் சௌத்ரி வழக்கில், மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தராவிட்டால் சஸ்பென்ஷன் நீளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 91-ஆம் நாள் தானாகவே வேலைக்குப் போய்விடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. தீர்ப்பைச் சுட்டி மறுபரிசீலனை கேளுங்கள், பதில் இல்லாவிட்டால் நீதிமன்றம் போங்கள். மத்திய அரசுப் பணியாளருக்கு விதியே இதைவிடக் கடுமையானது: 90 நாளுக்குள் சஸ்பென்ஷனை மறுஆய்வு செய்து நீட்டிக்காவிட்டால் அது செல்லாது.

குறிப்பாணை கட்டத்திலேயே நீதிமன்றம் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். பொதுவாக வேண்டாம். "போய் விளக்கம் கொடுங்கள்" என்பதுதான் பதிலாக இருக்கும். மிகப் பழைய சம்பவம் விதிவிலக்கு. தமிழ்நாடு வீட்டுவசதி வாரியப் பொறியாளர் ஒருவர்மீது 1990-இல் நடந்ததாகச் சொன்ன குறைக்கு 2000-இல் குறிப்பாணை கொடுத்தார்கள். தாமதத்துக்கு ஏற்கத்தக்க விளக்கம் இல்லை என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

குற்ற வழக்கும் சேர்ந்து இருந்தால்

லஞ்ச ஒழிப்புத் துறை வழக்கு, காவல் நிலைய வழக்கு என்று ஒன்று நிலுவையில் இருந்தாலும் துறை விசாரணை நடக்கலாம். இரண்டும் ஒரே நிகழ்வைப் பற்றியவை, குற்றச்சாட்டு கடுமையானது, சிக்கலான சட்டக் கேள்விகள் உள்ளவை என்றால் மட்டும் துறை விசாரணையைத் தள்ளிவைக்கக் கேட்கலாம் (பால் அந்தோணி வழக்கு, 1999). விடுதலையானால் வேலை தானாகத் திரும்பிவிடாது. சந்தேகத்தின் பலனில் விடுதலையா, குற்றச்சாட்டே பொய் என்று விடுதலையா என்பது தீர்ப்பின் சொற்களில் இருக்கும்.

விசாரணை நடத்தாமல் நீக்கக் கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 311(2). குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டால் அதன் விதிவிலக்கைப் பயன்படுத்தி விசாரணையே இல்லாமல் நீக்கலாம். மேல்முறையீட்டில் சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டிருப்பது இதைத் தடுக்காது. சென்னையிலிருந்து போன ஒரு கல்லூரிக் கல்வித் துறை வழக்கிலேயே 1995-இல் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. பின்னால் விடுதலை கிடைத்தால் உடனே மறுபரிசீலனை மனு கொடுங்கள்.

அதே விதிவிலக்குகளில் இன்னொன்று "விசாரணை நடத்துவது நடைமுறைக்கு ஒவ்வாது" என்பது. 1985-இன் துல்சிராம் படேல் தீர்ப்பு இந்த அதிகாரத்தை ஏற்றது, ஆனால் ஏன் ஒவ்வாது என்பதை எழுத்தில் பதிய வேண்டும். ஆணையில் வெறும் "நடைமுறைக்கு ஒவ்வாது" என்ற சொல் மட்டும் இருந்தால் அந்தக் காரணப் பதிவின் நகலைக் கேளுங்கள். காரணம் பதியப்படவே இல்லை என்றால் ஆணைக்கு அடித்தளம் இல்லை.

விசாரணை அறிக்கை வந்தபின்

அறிக்கையின் நகலைத் தராமல் தண்டனை கொடுக்கக் கூடாது என்பது 1993-இன் கருணாகர் தீர்ப்பு. ஆனால் நகல் தராததாலேயே வேலை திரும்பிவிடும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. தராததால் உங்களுக்கு என்ன பாதிப்பு என்று நீங்கள் காட்ட வேண்டும். விசாரணை அலுவலர் "நிரூபணமாகவில்லை" என்று எழுதியதை மேலதிகாரி மாற்ற நினைத்தால், ஏன் மாறுபடுகிறேன் என்பதைத் தற்காலிகக் கருத்தாக உங்களுக்கு அனுப்பி, பதிலைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். அனுப்பாமல் நேரடியாகத் தண்டித்திருந்தால் அது பெரிய ஓட்டை. தேர்வாணையத்தின் கருத்தைக் கேட்டு அதை ஆதாரமாக எடுத்திருந்தால் அந்தக் கடிதத்தின் நகலையும் கேளுங்கள்.

மேல்முறையீடு

மாநில விதிப்படி இரண்டு மாதம். மத்திய, ரயில்வே விதிகளில் 45 நாள். ஆணை கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். கடந்துவிட்டால் தாமதத்துக்கான காரணத்தையும் சான்றையும் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள், அப்படியே விட்டுவிடாதீர்கள்.

மேல்முறையீட்டு அதிகாரி மூன்று கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். குற்றச்சாட்டின் அடிப்படை நிரூபணமானதா? நிரூபணமானது தண்டனைக்குப் போதுமா? தண்டனை அதிகமா? உங்கள் மனுவையும் இந்த மூன்று தலைப்பிலேயே பிரித்து எழுதுங்கள். குறை ஒவ்வொன்றுக்கும் தேதி, பக்க எண், ஆவணம். "இருபது ஆண்டு அப்பழுக்கற்ற பணி" என்பதை மூன்றாம் தலைப்பில் வையுங்கள், அங்கேதான் அது வேலை செய்யும். அதே குற்றச்சாட்டில் உடன் இருந்தவருக்கு ஊதிய உயர்வு நிறுத்தம், உங்களுக்குப் பணியறவு என்றால் அதையும் அங்கே சொல்லுங்கள். அதிகாரியின் குணத்தைப் பற்றி எழுத வேண்டாம். மனு உரிய வழியாகப் போக வேண்டும், முன்நகல் ஒன்றை மேல்முறையீட்டு அதிகாரிக்கே விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் தபால் பிரிவின் முத்திரையில்லாமல் திரும்பாதீர்கள்.

நீதிமன்றம் எப்போது, எப்படி

மத்தியப் பணியாளருக்குக் கணக்கு தெளிவானது. மேல்முறையீட்டு ஆணை வந்தால் அதிலிருந்து ஓராண்டு. ஆறு மாதம் காத்தும் பதில் இல்லை என்றால் அந்த ஆறு மாதம் முடிந்ததிலிருந்து ஓராண்டு. தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 50 ரூபாய்தான்.

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவுக்கு, அதாவது அரசின் ஆணையை நேராக எதிர்த்துப் போடும் மனுவுக்கு, எழுதிய கெடு இல்லை. இதுவே பலரைக் கவிழ்க்கிறது. "நினைவூட்டல் போட்டுக்கொண்டே இருக்கிறோம், வழக்கு உயிரோடுதான் இருக்கும்" என்று எண்ணுகிறார்கள். மீண்டும் மீண்டும் மனு கொடுப்பது காலத்தை நீட்டிக்காது. தமிழ்நாட்டின் புவியியல் சுரங்கத் துறையில் 1982-இல் வேலை இழந்த ஒருவர் பதினெட்டு ஆண்டு கழித்து மனு கொடுத்து, "பரிசீலியுங்கள்" என்று உத்தரவு வாங்கி, அதிலிருந்து வழக்கைப் புதுப்பிக்க முயன்றார். 2008-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது. மேல்முறையீட்டு ஆணை வந்து ஓராண்டுக்குள் உயர் நீதிமன்றத்தில் இருங்கள்.

மேல்முறையீடு செய்யாமலே நேராகப் போகலாமா? அதிகாரமே இல்லாதவர் பிறப்பித்த ஆணை, அறவே விளக்கம் கேட்காத ஆணை என்றால் முயலலாம். 2003-இன் நிகழ்வைப் பலர் எடுத்துக்காட்டுவார்கள். வேலைநிறுத்தம் செய்ததற்காக அந்த ஜூலையில் தமிழக அரசு ஏறத்தாழ 1,70,000 பேரை ஒரே மூச்சில் நீக்கியது. அப்போது இருந்த மாநிலத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்றது உயர் நீதிமன்றம். இத்தனை பேர் அங்கே போய் நிற்க முடியாது, உயர் நீதிமன்றமே தலையிட்டிருக்க வேண்டும் என்று ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அசாதாரணச் சூழல் என்பதால் சொன்னது அது. அதே தீர்ப்புதான் அரசுப் பணியாளருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றும் சொன்னது. தனியொருவர் அதைக் காட்டி மேல்முறையீட்டைத் தவிர்க்க முடியாது.

வழக்கறிஞரிடம் போகும்போது இவை தேதி வரிசையில் இருக்கட்டும்: நியமன ஆணை, குறிப்பாணை, உங்கள் விளக்கம், ஆவணம் கேட்ட கடிதங்கள், நடவடிக்கைக் குறிப்புகள், அறிக்கை, அதற்கான பதில், தண்டனை ஆணை, மேல்முறையீடு, அதன் ஆணை. முன்னால் ஒரே பக்கத்தில் தேதிப் பட்டியல். பணி வழக்குகளை வழக்கமாக நடத்துபவராகப் பாருங்கள். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம்.

எதை எதிர்பார்க்கலாம் என்பதிலும் தெளிவு வேண்டும். நடைமுறைக் குறைக்காக ஆணை ரத்தானால், குறை நேர்ந்த கட்டத்திலிருந்து மீண்டும் விசாரிக்கச் சொல்வதே வழக்கம். அப்படி மறுவிசாரணை முடிவானால் நீக்கிய நாளிலிருந்து சஸ்பென்ஷனில் இருந்ததாகக் கொள்ள விதி உண்டு. அப்போது அந்தக் காலத்துக்குப் பிழைப்பூதியத்தைக் கேட்டு வாங்குங்கள். பின்னூதியம், அதாவது வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான சம்பளம், வேண்டும் என்றால் இடைக்காலத்தில் வேறு நல்ல வருமானம் இல்லை என்பதை மனுவிலேயே சொல்லியிருக்க வேண்டும். 2013-இல் தீபாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை இது. நீங்கள் சொன்னபின், வருமானம் இருந்தது என்று காட்டும் சுமை எதிர்த்தரப்புக்குப் போகும்.

போக்குவரத்துக் கழக, பொதுத்துறைத் தொழிலாளர்களுக்கு

உங்களுக்குத் தொடக்கம் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம். சென்னையில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் போய்க் கேளுங்கள். இதற்கான கெடு பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் மூன்று ஆண்டாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில் இரண்டு ஆண்டு. எது பொருந்தும் என்று வாதாடும் நிலையே வராதபடி இரண்டு ஆண்டுக்குள் போய்விடுங்கள். தொழிலாளர் வழக்கில் ரிட்டை விட ஒரு பெரிய வசதி இருக்கிறது. சான்றுகளை அங்கே மறுபடி எடைபோடலாம், தண்டனையையும் குறைக்கலாம்.

ஊதிய ஒப்பந்தம் போன்ற ஏதாவது தகராறு நிலுவையில் இருக்கும்போது நீக்கினால், நிர்வாகம் ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, அந்த நீக்கத்துக்கு ஒப்புதலும் (அப்ரூவல்) கேட்க வேண்டும். கேட்கவில்லை, அல்லது ஒப்புதல் மறுக்கப்பட்டது என்றால் நீக்கமே நடக்காததற்குச் சமம் என்று 2002-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. போக்குவரத்துக் கழகங்களில் இது அடிக்கடி எழும் கேள்வி. எனவே முதல் நாளே சங்கத்தில் கேட்க வேண்டியது: "நம்ம கழகத்துல இப்ப என்ன தகராறு நிலுவையில இருக்கு? எனக்கு அப்ரூவல் மனு போட்டிருக்காங்களா?"

தீர்ப்பு சாதகமாக வந்தபின்

சான்றிட்ட நகல் கிடைத்த அன்றே, பணியில் சேரும் கடிதத்தோடு அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சேர விடாவிட்டாலும் "இன்ன தேதியில் பணியேற்க வந்தேன்" என்ற கடிதம் கோப்பில் இருக்க வேண்டும். தனி நீதிபதியின் தீர்ப்புக்கு எதிராக 30 நாளுக்குள் அரசு ரிட் மேல்முறையீடு செய்யலாம், தாமத மன்னிப்பு மனுவோடு பிறகும் வரலாம். மேல்முறையீடு தாக்கலாகியிருப்பது தடையாணை ஆகாது. தடை இருந்தால் நகல் காட்டச் சொல்லுங்கள். தடையும் இல்லை, வேலையும் தரவில்லை என்றால் நீதிமன்ற அவமதிப்பு மனு. அதற்குக் கெடு ஓராண்டு. தீர்ப்பில் "எட்டு வாரத்துக்குள்" என்று இருந்தால் அந்த எட்டு வாரம் முடியும் நாளை இப்போதே நாட்காட்டியில் குறித்து, அதிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.